தூணைக் காத்த பூவரச இலை

விழாவுக்குத் தலைமையேற்று, வெள்ளை வேட்டியின் விறைப்புக் குலையாமல் வீற்றிருக்கும் நம் தெரு நலச் சங்கத் தலைவர், மதிப்புக்குரிய சண்முகையா அண்ணாச்சி அவர்களே. தறிக்கூடத்தை இன்று மாலை அடைத்துவிட்டு, சத்தம் இல்லாததால் காது அடைத்தது போல இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் அத்தான் மகாராஜன் அவர்களே. கடையநல்லூரில் இருந்து கனிவோடு வந்திருக்கும் சகோதரி ரசீதா அவர்களே, அவர் பெற்ற அருமை மகள் பாத்திமா ஹனா அவர்களே. திருவேங்கடத்தில் இருந்தும் சிவகிரியில் இருந்தும் பஸ்ஸில் நின்றபடியே வந்து, இங்கேயும் நாற்காலி கிடைக்காமல் நின்றுகொண்டிருக்கும் உறவுகளே. குடத்தைக் குழாயடியில் வரிசையில் வைத்துவிட்டு, ஒரு கண்ணைக் குடத்திலும் மறு கண்ணை மேடையிலும் வைத்திருக்கும் என் தெய்வத் தாய்மார்களே. நான் பேசப்போகும் ஒவ்வொரு சொல்லையும் வீட்டுக்குப் போனதும் திருத்தப்போகிற, என் உடன்பிறந்த அக்கா முத்துத்தாய் அவர்களே. உங்கள் அனைவருக்கும் இந்த ராஜதுரையின் இரு கரம் குவித்த வணக்கம்.

பின்னால் இருந்து ஒரு குரல், "வே, விசயத்துக்கு வாரும்" என்கிறது. வருகிறேன் ஐயா, வருகிறேன். வரவேற்பில் வஞ்சகம் செய்தால் வாழ்நாளெல்லாம் சொல்லிக்காட்டுகிற ஊர் இது என்பது உமக்குத் தெரியாதா?

அன்பு நெஞ்சங்களே! எனக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கிறதே தண்ணீர்த் தொட்டி, அதைத் தாங்குகிற நான்கு தூண்களில் தெருவைப் பார்த்து நிற்கிற அந்தக் கிழக்குத் தூண்தான் இன்றைக்கு விழா நாயகன். புதிதாகக் கம்பி கட்டி, புதிதாகச் சிமெண்டு பூசி, புதுமாப்பிள்ளை போல வெள்ளையடித்து நிற்கிறது. அந்த வெள்ளைத் தூணை என் அக்கா மகள், என் மருமகள், சிவில் என்ஜினீயரிங் கடைசி வருடம் படிக்கிற இசக்கிசெல்வியிடம், "அம்மா, இதில் நீ படம் எழுது" என்று ஒப்படைக்கிற விழா இது. பாலம் முடிந்தால் விழா எடுப்பார்கள். பள்ளிக்கூடம் முடிந்தால் விழா எடுப்பார்கள். இன்னும் எழுதப்படாத ஒரு படத்துக்கு, எழுதுவதற்கு முன்பே பந்தல் போட்டு, பாட்டுப் போட்டு, சுண்டலும் அவித்து விழா எடுக்கிற தெரு இந்தத் தென்காசிச் சீமையில் வேறு எங்கே உண்டு?

ஏன் எடுக்கிறோம்? அதைச் சொல்லத்தான் வந்தேன்.

இசக்கிசெல்வியை உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சிறுபிள்ளையில் பேச்சு வராது, கணக்கு வரும். கடைக்கு அனுப்பினால் மிச்சம் சரியாக வரும், வாங்கச் சொன்ன சாமான் வராது. கணக்கு வருகிறதே என்று அத்தான் அவளை என்ஜினீயரிங்கில் சேர்த்தார். இந்த வீட்டில் முதல் என்ஜினீயர் வரப்போகிறாள் என்று தறிக்கூடத்தில் அன்று லட்டு கொடுத்தார்கள். நானும் வாங்கித் தின்றேன், இரண்டு.

முதல் வருடம் என்ஜினீயரிங் டிராயிங் என்று ஒரு பாடம். பிள்ளைகள் அந்தப் பாடத்தின் பெயரைக் கேட்டாலே பேய் அறைந்தது போல ஆவார்கள். பெரிய பலகை, பெரிய தாள், அங்குலம் பிசகாத கோடுகள். ஒரு கூம்பை மேலே இருந்து பார்த்தால் எப்படி, முன்னால் இருந்து பார்த்தால் எப்படி என்று வரையவேண்டும். எல்லோரும் வரைந்தார்கள். நம் பிள்ளையும் வரைந்தாள். வரைந்துவிட்டு, அந்தக் கூம்புக்குப் பென்சிலால் மெல்ல ஒரு நிழலும் போட்டாள். வாத்தியார் வந்து பார்த்தார். கூம்புக்கு எதற்கம்மா நிழல் என்று கேட்டார். இவள் சொன்னாளாம், "வெயில்ல வச்சா நிழல் விழும்லா சார்."

சிரிக்கிறீர்கள். வகுப்பும் சிரித்தது. அந்தத் தாளுக்கு மார்க் குறைந்தது. ஆனால் அன்றைக்கு அந்தப் பிள்ளைக்குள் என்ன நடந்தது என்று அவளுக்கே தெரியாது. கணக்குப் போடும்போது விடை வந்தால் முடிந்தது. நிழல் போடும்போது, முடிந்த பிறகும் கை நிறுத்த மறுத்தது. அதை யாரிடம் சொல்ல முடியும்? சொன்னால் யாருக்குப் புரியும்? மருமகள் என்னிடம் சொன்னாள். நானும் புரிந்தது போலத் தலையாட்டினேன்.

இரண்டு வருடம் ஓடியது. போன கோடையில், கல்லூரியில் ஒரு வேலை கொடுத்தார்கள். பழைய கட்டடம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதில் எங்கெங்கே விரிசல் இருக்கிறது என்று பார்த்து, விரிசல் போகிற வழியெல்லாம் சாக்கட்டியால் கோடு போட்டு, அளந்து, படம் பிடித்து வரவேண்டும். இவளும் இவளுடைய தோழி ஹனாவும் ஒரே அணி. எந்தக் கட்டடம் எடுக்கலாம்? நம் பெரியவர்கள் சேர்ந்து கட்டிய இந்தத் தொட்டியையே எடுக்கலாம் என்று இங்கே வந்தார்கள். கிழக்குத் தூணில் ஒரு விரிசல் இருந்தது. அது ஆளுயரத்தில் தொடங்கி, கோணலாக மேலே ஏறி, இரண்டாகப் பிரிந்து நின்றது. நாம் எத்தனை வருடமாய் அதைப் பார்த்திருக்கிறோம், பார்த்தும் பாராமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறோம்.

ஹனா டேப்பைப் பிடித்தாள். செல்வி சாக்கட்டியால் விரிசலைத் தொடர்ந்து கோடு இழுத்தாள். இழுத்துக்கொண்டே போனவள், பிரிகிற இடத்தில் நின்றாள். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பார்த்துவிட்டு, கோட்டின் நுனியில் ஒரு இலையைப் போட்டாள்.

"ஏட்டி, கீறலுக்கு எதுக்கு இலை போடுத?" என்று ஹனா கேட்டாள்.

"இது கீறல் மாதிரியா இருக்கு? பூவரசங் கொப்பு மாதிரில்லா இருக்கு" என்றாள் இவள்.

தாய்மார்களே! பூவரச இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதாத பிள்ளை நம்மில் யார்? அந்த இலையில் இட்லி அவித்துத் தின்னாத வாய் எது? ஆனால் அந்த இலையில் எத்தனை நரம்பு, எந்த நரம்பு எங்கே பிரிகிறது என்று ஒரு நாளாவது பார்த்தோமா? என் மருமகள் பார்த்தாள். தறிக்கூடத்துக்குப் பின்னால் நிற்கிற பூவரசில் ஒரு இலையைப் பறித்து, வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். மறுநாளும் பார்த்தாள். கல்லூரிக்குக் கொடுக்கவேண்டிய அளவைக் கொடுத்தாயிற்று. பழைய கீறல்தான், இப்போதைக்கு அசைவு இல்லை, ஆனாலும் கவனிக்கவேண்டும் என்று சொல்லி அந்த வேலையும் முடிந்தாயிற்று. ஆனால் பிள்ளை தூணை விடவில்லை. கல்லூரி பஸ்ஸில் இருந்து இறங்கினால் பையோடு நேரே தூணுக்குத்தான் வருவாள். தறிக்கூடக் கதவுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயிண்டும் ஜன்னலுக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயிண்டும் எப்படியோ அவள் கைக்குப் போயின. நிழலில் இருக்கிற பச்சை வெறும் பச்சை இல்லை, அதில் நீலம் இருக்கிறது மாமா என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவள் முகத்தில் அன்றைக்குப் பார்த்த வெளிச்சத்தை நான் எந்த மேடை விளக்கிலும் பார்த்ததில்லை.

விரிசல் கொப்பானது. கொப்பு மரமானது. மரத்தில் மஞ்சள் பூ பூத்தது. தெரு சும்மா இருக்குமா? எங்கள் ஆட்டையும் போடு என்றார் ஒருவர். போட்டாள், இரண்டு காலில் நின்று இலைக்கு எட்டுகிற மாதிரி. ஆட்டுக்காரம்மா வந்து பார்த்துவிட்டு, எங்கள் ஆட்டுக்கு இடது கொம்புதானே வளைந்திருக்கும், நீ வலது கொம்பை வளைத்துவிட்டாயே என்று சண்டைக்கு நின்றார். அதையும் மாற்றினாள். அந்த மரத்தைப் பார்த்துக் கிளி ஏமாந்து வந்து உட்கார்ந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். மேடையில் பொய் சொல்லலாம். அக்கா முன்வரிசையில் இருக்கிற மேடையில் சொல்ல முடியாது.

எல்லோரும் பார்த்தார்கள். ஒருவர் மட்டும் பார்க்கவில்லை. இதோ, முன்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டிருக்கிறாரே, என் அத்தான். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து ஒரே ஒரு முறை சொன்னார்: "அவ படிக்கப் போனது தொட்டி கட்டுறதுக்கு. தொட்டியில படம் போடுறதுக்கு இல்ல." அதோடு சரி. அதற்குப் பிறகு பைக்கில் போனாலும் வந்தாலும் தூண் இருக்கிற பக்கம் முகத்தைத் திருப்பமாட்டார். செல்வி அதைப் பார்த்திருக்கிறாள். ஊரே மெச்சினாலும் அப்பா பார்க்கவில்லையே என்று அந்தப் பிள்ளைக்கு இருந்த வருத்தம் எனக்குத் தெரியும், என் அக்காவுக்கும் தெரியும்.

இப்போது ஆடி மாதத்துக்கு வருகிறேன். கொஞ்சம் அமைதியாகக் கேளுங்கள். அந்தக் கடைசி வரிசையில் செல்போனைக் காதில் வைத்திருக்கிற தம்பியும் கேட்கலாம்.

ஆடித்தபசு என்றால் நம் சங்கரன்கோவில் தாங்குமா? கோமதியம்மன் தவம் இருந்து, அரனையும் அரியையும் ஒன்றாகக் காண்கிற நாளல்லவா? கரிசல்காட்டுச் சனமெல்லாம் பருத்தியும் மிளகாய் வத்தலும் கொண்டுவந்து அம்மன் முன்னால் வாரி இறைத்துச் சூறைவிடுகிற நாளல்லவா? வருகிற சனத்துக்கு நம் தெருவில் சோறு போடுவது வழக்கம். எப்போதும் தெரு முக்கில் போடுவோம். போன வருடம் சங்கத்தில் ஒரு யோசனை வந்தது. இவ்வளவு அழகான மரம் இருக்கிறதே, மரத்தடியில் போட்டால் என்ன என்றார்கள். ஆமாம் என்றோம் எல்லோரும். தொட்டிக்கு அடியிலேயே பந்தல் போட்டோம். கயிற்றைத் தூணிலேயே கட்டினோம். அடுப்பு வெட்டினோம், அண்டா இறக்கினோம். அந்த மரத்தைப் பார்க்கவும் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுக்கவும் அதற்கு முன்பே சனம் வந்துகொண்டிருந்தது. தபசன்று எவ்வளவு பேர் வருவார்கள் என்று நினைத்து நினைத்துப் பூரித்தோம்.

தபசுக்கு முந்தின நாள் காலை. நல்ல காற்று. ஒரு பூவுக்கு மட்டும் கொஞ்சம் மஞ்சள் குறைகிறது என்று செல்வி மஞ்சளும் பச்சையுமாய்ப் பெயிண்டு டப்பாக்களோடு வந்தாள். ஏணியில் ஏறினாள். ஏறியவள் பிரஷ்ஷை டப்பாவில் தொடவே இல்லை. நான் பந்தலடியில் நின்று எல்லோருக்கும் யோசனை சொல்லிக்கொண்டிருந்தேன். சும்மா திரும்பிப் பார்த்தேன். பிள்ளை ஒரே இலையை உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். விரலால் தடவுகிறாள். மறுபடியும் பார்க்கிறாள்.

விரிசலுக்குக் குறுக்கே அவள் வரைந்திருந்த பெரிய இலை அது. பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். நடுநரம்பு விரிசலைக் கடந்து போகும். அந்த நரம்பு, சேரவேண்டிய இடத்தில் சேரவில்லை. ஊசிமுனை அளவுக்கு ஒரு பாதி கீழே இறங்கியிருந்தது. நான் பார்த்தேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன், அப்போதும் தெரியவில்லை. அவள் காட்டிய பிறகும், தெரிகிறது என்று மரியாதைக்குத்தான் சொன்னேன்.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள் பெரியோர்களே. அம்மி பறக்கட்டும். தூணில் எழுதிய இலை நகருமா? நகர்ந்தால், நகர்ந்தது இலையா?

ஹனாவுக்குப் போன் போட்டாள். ஹனா சொன்ன முதல் வார்த்தை, "ஏட்டி, அந்த இலையில கைய வைக்காத. நான் வாரேன்." அடுத்த பஸ்ஸில் கடையநல்லூரில் இருந்து வந்துவிட்டாள். வந்ததும் எங்களுக்கு விளக்கினாள். விரிசல் நகர்கிறதா என்று கண்டுபிடிக்க, அதன் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டிவைப்பார்களாம். கண்ணாடி உடைந்தால் கட்டடம் அசைகிறது என்று அர்த்தமாம். இவள் கண்ணாடி ஒட்டவில்லை. ஒரு இலையை எழுதிவைத்திருந்தாள். இலை உடைந்துவிட்டது.

மேலே தொட்டி நிறையத் தண்ணீர். கீழே நாளைக்கு நிறையச் சனம். செல்வி ஏணியில் இருந்து இறங்கி வந்து, சங்கத்தார் முன்னால் நின்று, பந்தலைப் பிரியுங்கள், தொட்டித் தண்ணீரைத் திறந்துவிடுங்கள், இந்தத் தூணை உடைத்துப் பார்க்கவேண்டும் என்றாள். சொல்வது யார் என்று பாருங்கள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். அந்தத் தூணை உடைத்தால் அந்த மரம் போய்விடும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? பிறந்ததில் இருந்து அவள் தானாக ஆசைப்பட்டுச் செய்த முதல் காரியம் அது. அதை இடியுங்கள் என்று அவள் வாயாலேயே கேட்டாள். நான் பக்கத்தில் நின்றேன், கேட்டேன்.

அண்ணாச்சி கோபப்படக்கூடாது, நடந்ததைச் சொல்கிறேன். ஆமாம், தாராளமாய்ச் சொல் என்று கையைக் காட்டுகிறார். பெரிய மனசு. அன்றைக்கு அண்ணாச்சி சொன்னார்: "ஏட்டி, ஒத்தை இலை கோணிப்போச்சுன்னு ஊர்ச் சோத்தை நிறுத்தச் சொல்லுதியா? கையில பிரஷ் இருக்குல்லா. நீயே சேத்து வரைஞ்சிரு."

சபையோரே, எண்ணிப் பாருங்கள். அவள் கையில் பிரஷ் இருந்தது. டப்பாவில் பச்சை இருந்தது. ஒரே ஓர் இழுப்புத்தான். இலை சேர்ந்துவிடும். மரம் நிலைத்துவிடும். ஊர் மெச்சும், பந்தல் நிற்கும், பெரியவர்கள் மனம் குளிரும். அவளுக்கும் அது நஷ்டமில்லை, லாபம். அதோடு, அந்தத் தூணில் அசைவு இல்லை என்று முன்பு சொன்னதும் அவளேதான். அன்று சொன்னதற்கு இன்று மாறாகச் சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்?

அவள் சொன்னாள்: "சேத்துரலாம் பெரியப்பா. சேத்துட்டா, இனிமே எனக்கே தெரியாமப் போயிரும்."

கூட்டத்தில் சிலர் தூணைப் பார்த்தார்கள், சிலர் அண்டாவைப் பார்த்தார்கள். சின்னப்பிள்ளைப் பேச்சு என்று ஒருவர் முணுமுணுத்தார். அப்போது பந்தலுக்கு வெளியே பைக்கில் உட்கார்ந்திருந்த அத்தான் இறங்கி வந்தார். தூணுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அந்தத் தூணை அவர் நேருக்கு நேர் பார்த்ததை நாங்கள் எல்லோரும் அன்றுதான் பார்த்தோம். இலையில் கை வைக்காமல், ஒரு சாண் தள்ளி விரலை நீட்டிக் காட்டிக்கொண்டு சொன்னார்:

"இந்த இலையை இவ முடிச்ச அன்னைக்கே நான் வந்து பாத்தேன். காலையில தறிக்குப் போறதுக்கு முன்னால தினமும் வந்து பாப்பேன். நரம்பு நேராத்தான் இருந்திச்சு. எம் பிள்ளை கோணலா வரையமாட்டா. தூணுதான் நவுந்திருக்கு."

என் அருமைத் தெருவாரே! மேடைகளில் எத்தனையோ பேர் பேசக் கேட்டிருக்கிறேன். மாலை போட்டு, மைக்கைத் தட்டி, மணிக்கணக்கில் நானும் பேசியிருக்கிறேன். மைக் இல்லாமல், மாலை இல்லாமல், அத்தான் பேசிய அந்த நாலு வார்த்தைக்கு ஈடாக ஒரு பேச்சை நான் இன்றுவரை பேசியதில்லை. செல்வி அப்பாவைப் பார்த்தாள். அழுதாளா என்று கேட்கிறீர்கள். அப்போது அழவில்லை. ஏணியைத் தூக்கிக்கொண்டு போய், தூணில் கட்டியிருந்த பந்தல் கயிற்றை முதலில் அவிழ்த்தாள்.

அதற்குப் பிறகு அண்ணாச்சி ஒரு நொடி தாமதிக்கவில்லை. அதையும் நான் சொல்லவேண்டும். "அவுத்து விடுங்கலே எல்லாக் கயித்தையும்" என்று வேட்டியை மடித்துக் கட்டியவர் அவர்தான். தொட்டியைத் திறந்துவிட்டோம். அத்தான் தறியை நிறுத்தி, கூடத்துப் பின்முற்றத்தைக் காலி செய்து கொடுத்தார். அண்டாக்களை ஆளுக்கொரு காதாகப் பிடித்துத் தூக்கிப் போனோம். சமையல்காரர் திட்டிய திட்டை இந்தத் தாய்மார்கள் சபையில் சொல்ல முடியாது. ஆனால் தபசன்று வந்த சனம் அத்தனையும் வயிறாரச் சாப்பிட்டது, தறிக்கூடத்துப் பின்முற்றத்தில், நிஜப் பூவரச மரத்து நிழலில்.

திருவிழா முடிந்து, கட்டட வேலை தெரிந்த வல்லுநர் ஒருவர் வந்தார். தூணை ஒரு மூலையில் உடைத்துப் பார்த்தார். உள்ளே கம்பி துருப்பிடித்து, கையால் தொட்டால் உதிர்ந்தது. நிறைந்த தொட்டியைத் தாங்குகிற பலம் இந்தத் தூணில் இல்லை, இதை யார் கண்டுபிடித்தது என்று கேட்டார். நாங்கள் எல்லோரும் செல்வியைக் காட்டினோம். எந்தக் கருவியால் பார்த்தாய் என்று கேட்டார். அவள் பிரஷ்ஷைக் காட்டினாள். அவர் தமாஷ் என்று நினைத்துச் சிரித்தார். விளக்கிச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டு, அந்த உடைந்த இலையை அண்ணாந்து வெகுநேரம் பார்த்தார்.

தூணைக் கொத்தினார்கள். உளி பட்ட இடமெல்லாம் மரம் உதிர்ந்தது. முதலில் பூ, பிறகு கொப்பு, கடைசியில் அந்த வளைந்த கொம்பு ஆடு. அப்போது அழுதாள். அக்காவின் தோளில் முகத்தை வைத்து, ஊர் பார்க்க அழுதாள். என் அக்கா என்ன செய்தாள் தெரியுமா? கீழே விழுந்த பூச்சுத் துண்டுகளில் ஒன்றைப் பொறுக்கி, முந்தானையில் முடிந்து கொண்டுபோய், சாமிபடத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். பாதி இலை இருக்கிற துண்டு. இன்றைக்கும் அது அங்கேதான் இருக்கிறது. சாம்பிராணி காட்டும்போது அதற்கும் சேர்த்துக் காட்டுகிறாள்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதமுடியும் என்று சொல்லிச் சொல்லியே நம்மை வளர்த்தார்கள். உடம்பைப் பார்த்துக்கொள், பிழைப்பைப் பார்த்துக்கொள், பிறகு பார்த்துக்கொள்ளலாம் பாட்டும் படமும் என்றார்கள். தப்பில்லை. ஆனால் கேட்கிறேன். சித்திரம் இருந்ததால் சுவர் தப்பியது என்று எங்காவது கேட்டதுண்டா? இந்தச் சங்கரன்கோவிலில் கேட்டோம். அளந்து பார்த்த கண்ணுக்கு அது பழைய விரிசல். ஆசைப்பட்டு எழுதிய கண்ணுக்கு அது தன் இலை. தன் இலையில் ஊசிமுனை பிசகினாலும் உயிர் பதறுமா, பதறாதா? அந்தப் பதற்றம் எந்தப் பாடப்புத்தகத்தில் வரும்? எந்தப் பரீட்சையில் வரும்? அளக்கத் தெரிந்ததால் அந்தப் பிசகின் அர்த்தம் தெரிந்தது. வரையத் தெரிந்ததால் அந்தப் பிசகே கண்ணில் பட்டது. இரண்டும் ஒரே பிள்ளையிடம் இருந்ததால் நாம் இன்று இங்கே உட்கார்ந்திருக்கிறோம்.

நான் பட்டிமன்றக்காரன். மாமியாரா மருமகளா, பட்டணமா கிராமமா என்று இரண்டில் ஒன்றைப் பிய்த்துப் பேசியே பிழைப்பவன். இவள் என்ஜினீயர் ஆகப்போகிறாளா, ஓவியக்காரி ஆகப்போகிறாளா, நீங்களே சொல்லுங்கள் என்று தெருவில் பார்ப்பவர்கள் எல்லாம் என்னைக் கேட்கிறார்கள். இந்த வழக்கில் நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன். ஏன் தெரியுமா? ஒரு பாதி சிவனும் ஒரு பாதி திருமாலுமாய் ஒரே திருமேனியில் கண்டு கும்பிடுகிற ஊர் ஐயா இது. ஒரு பாதி என்ஜினீயரும் ஒரு பாதி ஓவியக்காரியுமாய் ஒரு பெண்பிள்ளையைக் காண நமக்கு ஏன் தயக்கம்? அதற்கு நாம் ஒற்றைக்காலில் தவம் நிற்கவேண்டுமா? கண்ணைத் திறந்தால் போதாதா?

அக்கா கடிகாரத்தைக் காட்டுகிறாள். சுண்டல் ஆறுகிறதாம். முடித்துவிடுகிறேன்.

செல்வி பெரியவளானபோது தாய்மாமன் சீர் கொண்டுவந்தேன். பட்டுப்பாவாடை, வளையல், வெற்றிலைபாக்கு, தேங்காய், பழம் எல்லாம் தாம்பாளத்தில் வைத்து, மேளம் முன்னால் போக, நான் பின்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்து வந்தேன். இன்றைக்கும் ஒரு தாம்பாளம் கொண்டுவந்திருக்கிறேன். அதோ, மேடைக்கு எடுத்துவருகிறார்கள். வெற்றிலை இருக்கிறது, பாக்கு இருக்கிறது, பழம் இருக்கிறது. பட்டு இல்லை. பச்சை இருக்கிறது, மஞ்சள் இருக்கிறது, நிழலுக்கு வேண்டிய நீலமும் மறக்காமல் இருக்கிறது. பெரியதும் சின்னதுமாய்ப் பிரஷ்கள் இருக்கின்றன. இதை அவள் கையில் கொடுக்கப்போவது நான் இல்லை. அத்தான், மேலே வாருங்கள். கூச்சப்படவேண்டாம். தினமும் காலையில் திருட்டுத்தனமாய் வந்து பார்த்தவர், இன்றைக்கு எல்லோரும் பார்க்க வந்து கொடுங்கள்.

அத்தான் வருகிறார். கைதட்டுங்கள், இன்னும் பலமாய். அவர் வருவதற்குள் என் நன்றியைச் சொல்லிவிடுகிறேன். தலைமை தாங்கியவருக்கும், அன்று தலைமேல் இருந்த தொட்டியைத் திறக்கச் சொன்னவருக்கும், இருவரும் ஒருவரே என்பதால், ஒரே நன்றியை இரண்டு மடங்காய்ச் சொல்கிறேன். இலையில் கை வைக்காதே என்று சொன்ன ஹனாவுக்கும், அவளை உடனே பஸ் ஏற்றிவிட்ட அவள் தாயாருக்கும் இந்தத் தெரு நன்றி சொல்கிறது. நின்றுகொண்டே கேட்டவர்களுக்கு நன்றி. குடத்தை மறந்து கேட்ட தாய்மார்களுக்கு அதைவிடப் பெரிய நன்றி.

நேற்று சாயங்காலம் இந்த வெள்ளைத் தூணுக்கு முன்னால் மருமகளோடு நின்றேன். மறுபடியும் பூவரசா, இல்லை மயிலா, தேரா, அம்மனா, முதலில் எதை எழுதப்போகிறாய் என்று கேட்டேன். அவள் தூணில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினாள். பழைய விரிசல் இருந்த அதே உயரம், அதே இடம்.

"முதல்ல இங்கன ஒரு இலை மாமா. பெருசா. தூணு நவுந்தா எனக்குத் தெரியணும்லா."

மக்கா, இந்தா, அப்பா கையில் இருந்து வாங்கிக்கொள். நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அந்த இலையை எழுது.

வணக்கம்.